கடிகாரம் எங்கே தொடங்குகிறது?

(தஞ்சாவூர் மாவட்டத்தில் விவசாயிகளும் இ-சேவை மையம் நடத்துபவர்களும் கலந்துகொண்ட ஒரு கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு வழக்கு சில இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)



முதலில் ஒரு சின்ன வேலை. உங்கள் செல்போனை எடுத்து, எஸ்எம்எஸ் பகுதியில் அரசு அலுவலகத்திலிருந்து வந்த ஏதாவது ஒரு செய்தியைத் தேடிப் பாருங்கள். பட்டா மாற்றம், வருமானச் சான்று, முதியோர் உதவித்தொகை, நெல் விற்பனைப் பதிவு, எதுவாக இருந்தாலும் சரி. அதில் ஒரு விண்ணப்ப எண் இருக்கும். அந்தச் செய்தி வந்த தேதியும் நேரமும் உங்கள் போனிலேயே பதிவாகியிருக்கும். நாம் எல்லோரும் எண்ணைத்தான் பத்திரமாகக் குறித்து வைக்கிறோம். இன்றைக்கு நான் பேசப்போவது அந்தத் தேதியைப் பற்றி.

அரசு நிர்வாகத்தில் இப்போது அடிக்கடி கேட்கிற வார்த்தை 'செயல்திறன் அளவீடு'. ஒரு அலுவலகம் எவ்வளவு வேலை செய்கிறது, எவ்வளவு வேகமாகச் செய்கிறது என்பதை எண்ணால் அளந்து, டாஷ்போர்டில் போட்டுப் பார்ப்பது. கேட்கும்போது ஏதோ வெளிநாட்டிலிருந்து வந்த விஷயம் மாதிரி இருக்கும். ஆனால் அளப்பது நம்ம ஊருக்குப் புதுசா என்ன? பெரிய கோயில் சுவரைப் போய்ப் பாருங்கள். ராஜராஜன் கொடுத்த பொன்னை எந்த எடைக்கல்லால் நிறுத்தார்கள் என்று கல்வெட்டில் இருக்கிறது. அந்தக் கல்லுக்குப் பெயர் 'ஆடவல்லான்'. ரத்தினங்களை நிறுக்கத் தனியாக 'தட்சிணமேரு விடங்கன்' என்று ஒரு கல். ஊர்க்காரர்கள் கோயிலுக்கு அளந்து கொடுக்க வேண்டிய நெல்லுக்கு 'ஆடவல்லான்' என்ற மரக்கால், அது 'ராஜகேசரி' என்ற மரக்காலுக்குச் சமம் என்று அதையும் எழுதி வைத்திருக்கிறார்கள். எவ்வளவு நெல் என்று எழுதினால் போதாதா? போதாது. எந்த மரக்கால் என்று சொல்லாவிட்டால் நூறு கலம் என்பதற்கு அர்த்தமே இல்லை. வாங்குகிறவர் பெரிய மரக்காலையும் கொடுக்கிறவர் சின்ன மரக்காலையும் எடுத்துக்கொண்டு வருவார்கள். அதனால்தான் அளவையின் பெயரையும் சேர்த்து, எல்லோரும் பார்க்கிற இடத்தில் வெட்டி வைத்தார்கள்.

இதே கேள்வியை இன்றைய டிபிசிக்கு, அதாவது நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோவோம்.

அங்கே நெல்லை எப்படியெல்லாம் அளக்கிறோம்! மின்னணுத் தராசில் 40 கிலோ மூட்டை. ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்கிறதா என்று மீட்டர் வைத்துப் பார்க்கிறோம். கல், மண், பதர், முளைத்த நெல், நிறம் மாறிய நெல் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரம்பு. இந்த வரம்புகளை வைப்பது மத்திய அரசு. 2002 முதல் தமிழ்நாட்டில் மாநில அரசே மத்தியத் தொகுப்புக்காக நெல் வாங்குகிறது. தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் அந்த வேலையைச் செய்கிறது. மழைக்காலத்தில் 17 என்பதை 19 ஆகவோ 20 ஆகவோ தளர்த்த வேண்டுமென்றால் டெல்லியிலிருந்துதான் உத்தரவு வரவேண்டும். முன்பு சில பருவங்களில் அப்படி வந்திருக்கிறது.

நெல்லின் ஈரம் தெரியும், எடை தெரியும். அந்த நெல்லைக் கொட்டிவிட்டு, மேலே படுதா போர்த்தி, ராத்திரி பக்கத்திலேயே கட்டில் போட்டுப் படுத்திருக்கிறாரே ஒருவர், அவர் எத்தனை நாளாகப் படுத்திருக்கிறார் என்று எந்தப் பதிவேட்டில் இருக்கிறது?

ஒரு சின்ன கணக்குப் போடுவோம். இது எந்த ஊரின் கணக்கும் இல்லை, உதாரணத்துக்குத்தான். ஒரு டிபிசியை நம்பி 500 ஏக்கர் குறுவை இருக்கிறது என்று வையுங்கள். ஏக்கருக்கு 60 மூட்டை என்றால் 30,000 மூட்டை. ஒரு நாளைக்கு 1,000 மூட்டை பிடித்தால் 30 நாள். ஆனால் அறுவடைக்கு 30 நாள் ஆகுமா? அந்தக் காலத்தில் கதிர் அறுத்து, கட்டு கட்டி, களத்தில் அடித்து, தூற்றி, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் நெல் வந்தது. இப்போது பெல்ட் வண்டி ஒரு மணி நேரத்தில் சுமார் ஒரு ஏக்கரை முடிக்கிறது. பத்து வண்டி இறங்கினால் ஆறேழு நாளில் 500 ஏக்கரும் முடிந்துவிடும். வண்டி வந்திருக்கும்போதே அறுத்தாக வேண்டும், விட்டால் அது அடுத்த ஊருக்குப் போய்விடும். ஆக நெல் ஒரு வாரத்தில் வந்து குவிகிறது, வாங்குவதற்கு ஒரு மாதம் ஆகிறது. நடுவில் இருக்கிற மூன்று வாரத்துக்குமேல் நெல் எங்கே இருக்கும்? ரோட்டோரத்தில்தான். குறுவை அறுவடை வருவது புரட்டாசி, ஐப்பசியில். அது என்ன மாதம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இதில் பணம் எவ்வளவு என்றும் பார்த்துவிடுவோம். 2025 செப்டம்பர் 1 முதல் சன்ன ரகத்துக்கு மாநில ஊக்கத்தொகை 156 ரூபாயும் சேர்த்து குவிண்டாலுக்கு 2,545 ரூபாய், பொது ரகத்துக்கு 131 ரூபாய் சேர்த்து 2,500 ரூபாய். ஏக்கருக்கு 60 மூட்டை சன்ன ரகம் என்றால் 61,080 ரூபாய். ஒரு குடும்பத்தின் ஆறு மாத வாழ்க்கை அந்தக் குவியலில் இருக்கிறது. வண்டி வாடகை, உரக்கடை பாக்கி, கூட்டுறவு சங்கத்தில் வைத்த நகை எல்லாம் அதற்குள்ளே அடக்கம். இரண்டு நாள் அடைமழை பெய்து அடிப்பக்கம் முளை விட்டால், ஊக்கத்தொகையை எவ்வளவு உயர்த்தினாலும் அந்த விவசாயிக்கு அது போய்ச் சேராது. விலையைப் பற்றி ஊரெல்லாம் பேசுகிறோம். காத்திருக்கும் நாளும் விலையில் ஒரு பகுதிதான் என்பதைப் பேசுவதில்லை.

இங்கேதான் ஆன்லைன் பதிவு வருகிறது. சர்வே எண், வங்கிக் கணக்கு, செல்போன் எண் கொடுத்து முன்பதிவு செய்கிறோம். முறைப்படி வரிசை கிடைக்கிறது. விற்ற பணம் நேராக வங்கிக் கணக்குக்கு வருகிறது. இதனால் வந்த நன்மைகளைப் பற்றி நம்ம இதழிலேயே நிறைய எழுதியாகிவிட்டது, மறுபடி சொல்லப்போவதில்லை. யாரும் அதிகம் கவனிக்காத ஒரு நன்மையை மட்டும் சொல்கிறேன். இந்தப் பதிவு இருப்பதால், காத்திருப்பை முதல்முறையாக அளக்க முடியும். பதிவு செய்த தேதி கம்ப்யூட்டரில் இருக்கிறது, எடை போட்டு பில் போட்ட தேதி இருக்கிறது, பணம் ஏறிய தேதி இருக்கிறது. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் விடை வந்துவிடும்.

ரொம்ப சுலபமாக இருக்கிறதே என்று தோன்றுகிறதா? ஒரு சிக்கல் இருக்கிறது. கடிகாரம் எங்கே தொடங்குகிறது?

கம்ப்யூட்டருக்குத் தெரிந்த முதல் தேதி, பதிவு செய்த தேதி. நெல் அறுத்த தேதி அதற்குத் தெரியாது. 'இப்ப பதியாதீங்க, கூட்டம் குறையட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்' என்று யாராவது சொல்லிவிட்டால் என்ன ஆகும்? பத்து நாள் கழித்துப் பதிவு, அடுத்த நாளே எடை. டாஷ்போர்டில் காத்திருப்பு ஒரே நாள். பச்சை நிறம். ரோட்டில் கிடந்த பத்து நாள் எந்தக் கணக்கிலும் வராது. அப்படிச் சொல்கிறவர் நல்ல எண்ணத்தோடே சொல்லலாம், நானும் யாரையும் குறை சொல்ல வரவில்லை. எண்ணை வைத்து வேலையை மதிப்பிடத் தொடங்கினால், எண் அழகாகத் தெரிகிற வழிக்கு வேலை தானாகவே சாயும். உலகம் முழுவதும் இதுதான் நடந்திருக்கிறது.

இங்கிலாந்தில் நடந்ததைக் கேளுங்கள். அங்கே அரசு மருத்துவமனைகளின் அவசர சிகிச்சைப் பிரிவில் நோயாளிகள் மணிக்கணக்கில் காத்துக் கிடந்தார்கள். 2004-க்குள் 98 சதவீதம் பேரை 4 மணி நேரத்துக்குள் பார்த்து முடிக்க வேண்டும் என்று இலக்கு வைத்தார்கள். பலன் உண்மையாகவே கிடைத்தது, காத்திருப்பு நன்றாகக் குறைந்தது. ஆனால் புள்ளிவிவரத்தைப் பிரித்துப் பார்த்தபோது ஒரு விசித்திரம். நாலு மணி நேரம் முடிவதற்குச் சில நிமிடம் முன்னால் மட்டும் ஏராளமான நோயாளிகள் 'முடிக்கப்பட்டிருந்தார்கள்'. சில இடங்களில் ஆம்புலன்ஸ்கள் வாசலிலேயே நின்றதாகவும் செய்தி வந்தது, ஏனென்றால் நோயாளி கதவுக்குள் வந்த பிறகுதான் கடிகாரம் ஓடும். வாசலில் நிற்கிற ஆம்புலன்ஸும் ரோட்டோரத்தில் கிடக்கிற நம்ம நெல்லும் ஒன்றுதானே?

அதனால் இலக்கே வேண்டாம் என்று சொல்லிவிட முடியாது. இலக்கு வைக்காமல் இருந்திருந்தால் அந்த நோயாளிகள் இன்னும் காத்திருந்திருப்பார்கள். கடிகாரத்தை யார் கையில் கொடுப்பது, எந்த இடத்தில் தொடங்குவது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

நெல் இல்லாதவர்களுக்கும் இது பொருந்தும். பட்டா மாற்றத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உட்பிரிவு இல்லாத சொத்து என்றால் இப்போது பத்திரம் பதிவானதும் பல இடங்களில் தானாகவே பட்டா மாறிவிடுகிறது. பெரிய மாற்றம், வரவேற்க வேண்டியது. உட்பிரிவு செய்ய வேண்டியது என்றால் சர்வேயர் நேரில் வந்து அளக்க வேண்டும், அதற்கு நாள் ஆகும். கெடு நெருங்கும்போது 'ஆவணம் போதவில்லை' என்று விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது. நீங்கள் விட்டுப்போன தாளைச் சேர்த்து மறுபடி விண்ணப்பிக்கிறீர்கள். புது எண், புது தேதி. கடிகாரம் பூஜ்யத்திலிருந்து மறுபடி ஓடுகிறது. அலுவலகக் கணக்கில் இரண்டு விண்ணப்பம், இரண்டும் கெடுவுக்குள் முடிந்தது. வீட்டுக் கணக்கில் ஒரே பட்டா, இன்னும் வரவில்லை.

மனுக்களிலும் இதே கதை உண்டு. திங்கட்கிழமைதோறும் ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் நாள் நடக்கிறது. கிராமங்களுக்கே போய் நடத்துகிற முகாமுக்கு மனுநீதி நாள் என்று பெயர். திருவாரூரில் ஆராய்ச்சி மணி கட்டிய சோழன் பெயர்தான். அந்தக் கதையில் பசு மணியை அடித்தது, ராஜா வெளியே வந்தார், நீதி கிடைத்தது. 'உங்கள் மனு சம்பந்தப்பட்ட அலுவலருக்கு அனுப்பப்பட்டது, மனு முடிக்கப்பட்டது' என்று பசுவுக்கு எஸ்எம்எஸ் வரவில்லை. சிரிக்கிறீர்கள். அரசுத் துறையில் வேலை பார்த்துக்கொண்டே இந்தப் பெண் இப்படிப் பேசுகிறதே என்று சிலர் நினைக்கலாம். எத்தனை மனு 'முடிக்கப்பட்டது' என்பது ஒரு எண், எத்தனை பேருக்குக் 'குறை தீர்ந்தது' என்பது வேறொரு எண் என்பதைத்தான் சொல்கிறேன். இரண்டாவது எண்ணை மனு கொடுத்தவரைக் கேட்டால்தான் தெரியும்.

அப்படிக் கேட்டுப் பார்த்த ஒருவர் இருக்கிறார். சாமுவேல் பால். அகமதாபாத் ஐஐஎம்மின் இயக்குநராக இருந்தவர். 1994-ல் பெங்களூரு மக்களிடம் போய், குடிநீர், மின்சாரம், தொலைபேசி, மாநகராட்சி என்று ஒவ்வொரு அலுவலகமும் உங்களை எப்படி நடத்துகிறது, எத்தனை தடவை போனீர்கள், லஞ்சம் கேட்டார்களா என்று கேட்டு, அலுவலகங்களுக்கு ரேங்க் கார்டு போட்டு வெளியிட்டார். மதிப்பெண்கள் படுமோசம். பத்திரிகைகள் வெளியிட்டன, அதிகாரிகள் சங்கடப்பட்டார்கள். 1999-ல் மறுபடி, 2003-ல் மறுபடி. மூன்றாவது கார்டில் பல அலுவலகங்கள் நன்றாக முன்னேறியிருந்தன. ஸ்மார்ட்போன் இல்லாத காலம் அது. வீடு வீடாகப் போய் எழுதி வாங்கினார்கள்.

சரி, மறுபடி டிபிசிக்கே வருவோம், ஏனென்றால் சரியாக அளந்தால் என்ன தெரியும் என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் இல்லை.

ஒரு நிலையத்தில் கொள்முதல் நின்றுவிட்டால் நாம் முதலில் யாரைத் திட்டுகிறோம்? பட்டியல் எழுத்தரை. கண்ணுக்கு முன்னால் அவர்தானே இருக்கிறார். ஆனால் பல நேரம் காரணம் அவரிடம் இருப்பதில்லை. வாங்கிய மூட்டை அடுக்கி அடுக்கி இடமே இல்லாமல் போயிருக்கும், லாரி வந்திருக்காது. லாரி ஏன் வரவில்லை? கிடங்கில் இறக்க இடமில்லாமல் அங்கே வரிசையில் நிற்கும். கிடங்கில் ஏன் இடமில்லை? அங்கிருந்து அரவைக்கு வெளி மாவட்டம் போக வேண்டிய நெல்லுக்கு வேகன் கிடைத்திருக்காது. தஞ்சாவூரிலும் நீடாமங்கலத்திலும் சரக்கு ரயிலில் நெல் ஏற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். நீடாமங்கலம் கேட்டில் பஸ்ஸுக்குள் உட்கார்ந்து வியர்த்தவர்களுக்கு இது நான் சொல்லாமலே தெரியும். சில நேரம் சாக்கு இருக்காது, சில நேரம் சுமைதூக்கும் தொழிலாளர்கள் போதாது.

'இன்று இத்தனை ஆயிரம் டன் கொள்முதல்' என்ற மொத்த எண் இதில் எதையுமே காட்டாது. ஒவ்வொரு கட்டத்துக்கும் எத்தனை நாள் ஆனது என்று பிரித்துப் பார்த்தால்தான் அடைப்பு எங்கே என்று தெரியும். வாய்க்காலில் தண்ணீர் வராவிட்டால் கடைமடையில் நின்று கத்தினால் போதுமா? எந்த மதகில் அடைத்திருக்கிறது என்று மேலே நடந்து போய்த்தானே பார்ப்போம்.

தகவலை நேரத்துக்குப் பார்த்து முடிவெடுத்தால் பலன் கிடைக்கும் என்பதற்கு நம்மிடமே ஒரு நல்ல சான்று இருக்கிறது. 2022-ல் மேட்டூர் அணை வழக்கமான ஜூன் 12-க்குப் பதிலாக மே 24 அன்றே திறக்கப்பட்டது. தண்ணீர் முன்னால் வந்தால் குறுவை முன்னால் விளையும், அறுவடையும் முன்னால் வரும். ஆனால் கொள்முதல் ஆண்டு தொடங்குவது அக்டோபர் 1. நடுவில் வருகிற நெல்லை என்ன செய்வது? மத்திய அரசிடம் அனுமதி வாங்கி செப்டம்பர் 1-லேயே புதிய விலையில் கொள்முதலைத் தொடங்கினார்கள். 2025-லும் செப்டம்பர் 1 தான். இதற்குப் புது செயலி எதுவும் தேவைப்படவில்லை. நெல் எப்போது களத்துக்கு வரும் என்ற கணக்கை வைத்துக் காலண்டரை மாற்றினார்கள், அவ்வளவுதான்.

இப்போது உங்கள் பக்கம் வருகிறேன். கையில் போன் இருக்கிறது. நான்கு தேதிகளைக் குறித்து வையுங்கள்: அறுத்த தேதி, பதிவு செய்த தேதி, எடை போட்ட தேதி, பணம் வந்த தேதி. முதல் தேதிக்கு அத்தாட்சி வேண்டுமா, அறுவடை இயந்திரம் வயலில் நிற்கும்போது ஒரு போட்டோ எடுங்கள். போட்டோவின் விவரத்தில் தேதி இருக்கும். மற்ற மூன்றும் எஸ்எம்எஸ், பில், வங்கிச் செய்தி என்று உங்களிடமே இருக்கிறது, அழிக்காதீர்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைப்பது இன்னும் நல்லது. பட்டா விண்ணப்பம் என்றால் நிராகரிக்கப்பட்ட பழைய எண்ணையும் சேர்த்து வையுங்கள். 1100-க்கு அழைத்தாலும் மனு எழுதினாலும் பழைய எண், புது எண் இரண்டையும் சொல்லுங்கள்.

உங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுவில் காலை வணக்கம் படங்களுக்கு நடுவே இதற்கும் கொஞ்சம் இடம் கொடுங்கள். 20 பேர் இந்த நான்கு தேதிகளைப் போட்டால் போதும். அதைத் தாளில் எழுதி, மாதாமாதம் ஆட்சியர் நடத்தும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்தில் வாசியுங்கள். 'எங்க ஊர்ல ரொம்ப லேட் ஆகுது சார்' என்பதற்கு வரும் பதில் வேறு, '20 பேரில் 13 பேருக்கு 15 நாளுக்கு மேல்' என்பதற்கு வரும் பதில் வேறு. தாலுகா அளவில், மாவட்ட அளவில் உள்ள எண்ணைத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி கேட்கலாம். 2005-ல் வந்த அந்தச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு, நாம் கேட்பதற்கு முன்பே அலுவலகங்கள் பல விவரங்களைத் தாங்களாகவே வெளியிட வேண்டும் என்கிறது.

எண் கேட்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். சராசரியை மட்டும் கேட்காதீர்கள். ஒன்பது பேருக்கு 2 நாள், ஒருவருக்கு 22 நாள் என்றால் சராசரி 4 நாள்தான். கேட்க நன்றாக இருக்கும். அந்த ஒருவரின் நெல் முளைத்தது அதில் தெரியாது. 'அதிகபட்சம் எத்தனை நாள், எத்தனை பேருக்கு?' என்று கேளுங்கள்.

இவ்வளவுதான் நான் தயார் செய்து வந்தது. கேள்விகள் இருந்தால் கேட்கலாம்.

(பேச்சு முடிந்ததும் வந்த கேள்விகளில் ஒன்றை மட்டும் இங்கே சேர்த்திருக்கிறோம். பின்வரிசையிலிருந்து ஒரு அம்மா கேட்டது: 'ஏம்மா, நான் ஆறு மா குத்தகைக்கு உழுறேன். வாய்ப்பேச்சுதான், எழுத்து ஒண்ணும் கிடையாது. சிட்டா அவங்க பேர்ல. நான் எந்தத் தேதிய எழுதி வைக்கறது?')

அம்மா, இன்று கேட்டதிலேயே கஷ்டமான கேள்வி இதுதான். பதிவே செய்ய முடியாதவர், காத்திருப்புக் கணக்கில் வரவே மாட்டார். நீங்கள் வேறு வழியில்லாமல் வியாபாரியிடம் குறைந்த விலைக்குப் போட்டுவிட்டால், கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை உங்கள் ஆறு மாவில் நெல்லே விளையவில்லை. எத்தனை பேர் இப்படி வெளியே நிற்கிறார்கள் என்பதையும் ஒரு எண்ணாக எடுக்க வேண்டும் என்பது என் கருத்து. இப்போதைக்கு உங்களால் செய்ய முடிந்தது, அறுவடை வரை காத்திருக்காமல், நடவு முடிந்ததுமே வி.ஏ.ஓ.வைப் பார்ப்பது. அடங்கல் என்பது யார் பட்டாதாரர் என்பதோடு, யார் சாகுபடி செய்கிறார், என்ன பயிர் என்பதையும் எழுதும் கணக்கு. ஒவ்வொரு பசலியிலும் எழுதுவார்கள். அதில் உங்கள் பெயர் ஏறியிருக்கிறதா என்று கேளுங்கள். நிலத்துக்காரரையும் கூட்டிக்கொண்டு போனால் சுலபம். குத்தகை உரிமையையே பதிவு செய்ய 1969-ல் தனிச் சட்டம் போட்டிருக்கிறார்கள், அதற்கு வட்டாட்சியர் அலுவலகத்தில் விசாரிக்க வேண்டும். நாளை காலை உங்கள் ஊர் வி.ஏ.ஓ. அலுவலகம் திறந்திருக்குமா? அப்படியென்றால் போன தேதியை எழுதி வையுங்கள் அம்மா. உங்களுக்கு முதல் தேதி அதுதான்.